ஆவி இல்லாமல் ஓடும் இயந்திரம்

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் மண்டப வாசலிலேயே ஒரு மிஷின் நிற்கும். பளபளக்கும் எவர்சில்வர் உடம்பு, அடியில் கேஸ் அடுப்பு, பக்கவாட்டில் வளைந்த குழாய். மிஷின்காரர் ஒரு ஜக்கில் பாலும் சர்க்கரையும் இன்ஸ்டன்ட் காபித்தூளும் போட்டுக் குழாயடியில் ஏந்துவார். 'புஸ்ஸ்ஸ்' என்ற சத்தத்தில் மெல்லிசைக் கச்சேரியே அமுங்கிவிடும். பொங்கிய நுரைமேல் சாக்லேட் பவுடர் தூவிக் கையில் கொடுப்பார். அதைத்தான் எஸ்பிரஸோ காபி என்று குடித்து வளர்ந்தோம்.

இத்தாலியில் எஸ்பிரஸோ கேட்டால் பால் வராது. இரண்டு மடக்குக் கறுப்பு டிகாக்ஷன், சின்னஞ்சிறு கோப்பையில் வரும். இத்தாலிய எஸ்பிரஸோ மிஷினின் ஆவியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். அதன் பிறந்த ஊர்க்காரர்களோ காபியிலிருந்து அந்த ஆவியை விரட்ட அறுபது ஆண்டுக்கு மேல் பாடுபட்டார்கள்.

தொடக்கம் டூரின் நகரம், 1884. ஹோட்டல் நடத்திவந்த ஆஞ்சலோ மொரியோண்டோ, வாடிக்கையாளர்கள் காத்திருக்காதபடி நீராவியால் காபி இறக்கும் இயந்திரம் ஒன்றை அந்த ஆண்டுப் பொருட்காட்சியில் வைத்தார். வெண்கலப் பதக்கமும் காப்புரிமையும் கிடைத்தன. ஆனால் அது மொத்தமாகக் காபி போடும் இயந்திரம். அவர் அதை விற்பனைக்கென்று தயாரிக்கவும் இல்லை. மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா 1901இல்தான் ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை என்று போடும் வழியைக் கண்டார். கைப்பிடி வைத்த சின்ன வடிகட்டியில் தூளை அடைத்து இயந்திரத்தில் மாட்டும் முறை அவருடையது. இன்றும் அதே முறைதான். அந்த உரிமையை வாங்கி ஊரறியச் செய்தவர் தெஸிதேரியோ பவோனி. 1906 மிலான் கண்காட்சியில் இருவரும் சேர்ந்து காபி போட்டுக் கொடுத்தார்கள்.

வேகம் வந்தது, ருசி வரவில்லை. காரணம் நம் வீட்டு குக்கருக்குத் தெரியும்: மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏற வேண்டுமானால் சூடும் ஏறியாக வேண்டும். ஒன்றரை பார் அழுத்தத்துக்கே தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிவிடும். தூள் தீய்ந்து கசக்கும். அழுத்தத்தையும் சூட்டையும் பிரிக்காதவரை இதற்கு விமோசனமில்லை.

பிரித்தவர் மிலானில் காபி பார் வைத்திருந்த அக்கிலே கஜ்ஜா. 1938இல் அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், இடையில் போர். அது முடிந்து நாற்பதுகளின் இறுதியில் நெம்புகோல் இயந்திரம் கடைகளுக்கு வந்தது. அது வேலை செய்வதைப் பாருங்கள். கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும், வெந்நீர் தூளின் மேல் இறங்கும். பிடியை விட்டதும் ஸ்பிரிங் நிதானமாக விரிந்து, பிஸ்டனைக் கொண்டு தண்ணீரைத் தூளுக்குள் நெருக்கும். எட்டு ஒன்பது பார் அழுத்தம், அதுவும் கொதிக்காத தண்ணீரில். காபி சொட்டாது, மெல்லிய இழையாக இறங்கும். இத்தாலியர்கள் அதை எலிவால் என்பார்கள். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளிப்பட்டு, மேலே பழுப்புப் பொன்னிற நுரை கட்டும். அதற்கு முன் எந்தக் காபியிலும் அப்படியொரு நுரை கிடையாது. அவர் அதற்குக் காபி க்ரேமா என்று பெயர் சூட்டி, ஆவி இல்லாமல் ஓடுவது என்று இயந்திரத்தின் மேலேயே எழுதி வைத்தார். இந்தக் கதையின் நாயகன் அவர்தான் என்பேன்.

1961இல் ஃபயேமா நிறுவனத்தின் ஈ61, கைவலுவுக்கும் ஸ்பிரிங்குக்கும் பதிலாக மின்பம்பை வைத்தது. பெயரில் உள்ள ஈ, அந்த ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குறிப்பது. ஒன்பது பார் அழுத்தம், அரை நிமிடத்துக்குள் ஒரு கோப்பை என்ற கணக்கு அப்போது நிலைபெற்றது. இன்று நம் ஊர்க் காபிக் கடைகளில் நிற்கும் பெரும்பாலான இயந்திரங்கள் அந்த வழி வந்தவைதான். ஆவிக்கு அவற்றில் ஒரே வேலை மிச்சம்: பாலை நுரைக்க வைப்பது.

அப்படி ஒரு கடையில் அந்தச் சின்னக் கோப்பை உங்கள் முன் வந்தால், டபரா டம்ளர் பழக்கத்தில் ஆற வைக்காதீர்கள். நுரை இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் குடித்துவிடுங்கள்.