புகுமுக வகுப்பு: பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓராண்டு

சென்னை மாகாணத்தில் பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது, கல்லூரி எந்த வகுப்பிலிருந்து தொடங்குகிறது என்பது மாணவரின் வயதைக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. தேர்வு நடத்தும் அதிகாரம் எவரிடம் இருந்ததோ அவரே அந்த எல்லையை வரைந்தார். தொடக்கத்தில் எல்லை என்று சொல்லத்தக்க ஒன்றே இருக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரி 1841இல் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. பச்சையப்பன் அறநிலையத்தின் பள்ளி 1842இல் தோன்றி 1889இல்தான் கல்லூரியாயிற்று. கும்பகோணம் அரசுக் கல்லூரியும் 1854இல் பள்ளியாகவே பிறந்தது. ஒரே வளாகத்தில் சிறுவர்களும் இளைஞர்களும் ஒன்றாகப் படித்த அந்நாளில் கல்லூரி என்பது பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு வழங்கிய பெயர் என்று சொன்னாலும் தவறில்லை.

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வைத் தன் கையில் வைத்துக்கொண்டதும் நிலைமை மாறியது. அத்தேர்வில் தேறியவர் இரண்டாண்டு எஃப்.ஏ. வகுப்பிலும் அதன்பின் பி.ஏ. வகுப்பிலும் சேரலாம் என்று ஆனதால், எஃப்.ஏ. வரை மட்டும் கற்பித்தவை இரண்டாம் தரக் கல்லூரிகள் என்றும், பட்டம் வரை கற்பித்தவை முதல் தரக் கல்லூரிகள் என்றும் பிரிந்தன. இடைப்பட்ட அந்த இரண்டாண்டுகள் எத்தனை கடுமையாக இருந்தன என்பதற்குக் கணித மேதை இராமானுஜனின் மாணவப் பருவமே சான்று. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்காகப் பரிசு பெற்று, 1904இல் உதவித்தொகையோடு அதே ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தார்; பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பள்ளியில் தனித்திறமையைக் கண்டு கொண்டாட ஆசிரியர்கள் இருந்தனர், எஃப்.ஏ. தேர்வோ எல்லாப் பாடங்களிலும் தேறியவரையே ஏற்றுக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ரிகுலேஷனின் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. எனப்பட்ட பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வும், எஃப்.ஏ. வகுப்பின் இடத்தை இன்டர்மீடியட்டும் பிடித்தன. முதல் ஃபாரம் முதல் ஆறாம் ஃபாரம் வரை (இன்றைய கணக்கில் ஆறு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை) படித்து முடித்தவர் இன்டர்மீடியட்டில் இரண்டாண்டும் பட்ட வகுப்பில் இரண்டாண்டும் கழித்தார். 1956இல் இன்டர்மீடியட் கைவிடப்பட்டு, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. பதினொன்றும் இரண்டும் இரண்டும் ஆக இருந்தது பதினொன்றும் ஒன்றும் மூன்றும் ஆயிற்று. கூட்டுத்தொகை பதினைந்தாகவே நின்றது. பி.யூ.சி. என்ற எழுத்துகளாலேயே ஊரெங்கும் அறியப்பட்ட இந்தப் புகுமுக வகுப்பு, கல்லூரிக்குள் நடந்தாலும் கல்லூரிப் படிப்பாகக் கருதப்படாத ஒரு விந்தையான ஆண்டு.

அந்த ஓராண்டில் மாணவர் கடக்க வேண்டியிருந்த தொலைவு சிறிதன்று. உயர்நிலைப் பள்ளிகளில் 1930களின் இறுதியிலிருந்து தாய்மொழிவழிக் கல்வி பரவிவிட்டது. கல்லூரிகளிலோ ஆங்கிலமே பயிற்றுமொழியாக நீடித்தது. ஆகவே இயற்பியலையும் வரலாற்றையும் தமிழில் படித்துவிட்டுச் சிற்றூரிலிருந்து வந்தவர், ஜூன் மாதத்தில் அதே பாடங்களை ஆங்கில விரிவுரையாகக் கேட்டுக் குறிப்பெடுத்து, அடுத்த கோடைக்குள் பல்கலைக்கழகத் தேர்வையும் எழுத வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் 1960இல் பட்ட வகுப்பைத் தமிழில் நடத்தும் முயற்சி தொடங்கியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். பள்ளியில் பெயர் சொல்லி அழைத்து, பிரம்பைக் கையில் எடுத்து, தேவைப்பட்டால் தந்தையை வரவழைத்துப் பேசும் வகுப்பாசிரியர் இருந்தார்; கல்லூரியில் மணிக்கொரு விரிவுரையாளர் வந்து, வருகைப் பதிவேட்டில் எண்ணைக் கூப்பிட்டுவிட்டுப் பாடத்தை முடித்துச் சென்றார். அரைக்கால் சட்டை வேட்டியாகவோ முழுக்கால் சட்டையாகவோ, பாவாடை தாவணி சேலையாகவோ மாறியதும், விடுதி வாழ்க்கையும் உணவகமும் மாணவர் பேரவைத் தேர்தலும் அறிமுகமானதும் இவ்வாண்டில்தான். இச்சுதந்திரம் பதினாறு, பதினேழு வயதினரைக் கெடுத்ததாகப் பெற்றோர் குறைபட்டதுண்டு. ஆனால் தவறி எழும் வாய்ப்பை இவ்வளவு இளமையில் தந்த வேறு ஏற்பாடு அந்நாளில் இருக்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோத்தாரி ஆணையம் (1964–66) பரிந்துரைத்த பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பைத் தமிழ்நாடு 1978இல் நடைமுறைப்படுத்தியபோது, புதிய இரண்டாண்டை எங்கே நடத்துவது என்ற கேள்விக்கு மாநிலங்கள் வெவ்வேறு விடை கண்டன. ஆந்திரம் இளநிலைக் கல்லூரிகளை அமைத்தது. கருநாடகம் புகுமுகக் கல்லூரிகளை வைத்துக்கொண்டது. கேரளத்தில் முன்பட்ட வகுப்பு அந்நூற்றாண்டின் இறுதி வரை கல்லூரிகளிலேயே நடந்தது. தமிழ்நாடு அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்து மேல்நிலைப் பள்ளி என்று பெயரிட்டது. முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது, எஸ்.எஸ்.எல்.சி. என்ற பெயர் ஒரு வகுப்பு கீழிறங்கிப் பத்தாம் வகுப்புக்குப் போயிற்று. பாடம் ஏறத்தாழ முன்னையதே, பயில்பவர் வயதும் அதுவே. ஆயினும் முன்னாளில் விரிவுரை கேட்டவர் இப்போது சீருடை அணிந்து காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையில் நின்றார். கல்லூரிகளில் மாணவர் மிகுதியாக நிறைந்திருந்த வகுப்பு மறைந்தது. பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் என்ற புதிய பதவி பெருகியது.

இம்மாற்றம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வீட்டருகிலேயே இரண்டாண்டு கூடுதலாகப் படிக்க வழி செய்தது. எனினும், பொறியியல், மருத்துவக் கல்லூரி இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சார்ந்திருந்ததால், புகுமுக வகுப்பின் தளர்வு இருந்த இடத்தில் பள்ளிக் கண்டிப்பு இரட்டிப்பாகக் குடியேறியது. விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு நடத்தும் வழக்கம் பரவியது. அதைத் தடுக்க, 2017–18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வை விதித்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் நிலை அதனால் மாணவருக்கு உண்டாயிற்று.