எழும்பிய முயல்கள்: பார்க்கின்சன் நோயின் பாதிக் கதை

பார்க்கின்சன் எண்டால் கை நடுங்கிற வருத்தம் எண்டுதான் எங்களில் பலருக்குத் தெரியும். 1817இல் அதைப் பற்றி எழுதிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சனும் 'நடுங்கும் வாதம்' என்றே அதைச் சொன்னார். ஆனால் நடுக்கத்தை விடப் பெரிய கொடுமை அசைவு குறைவதுதான். நட எண்டு மனம் சொல்லும், கால் கேட்காது. இடையில் அந்தச் செய்தி எங்கே தொலைகிறது? இதற்கு ஒரு விடை கிடைக்க 140 வருடங்களுக்கு மேல் பிடித்தது.

1950களில் டொபமினுக்குத் தனி வேலை ஒன்று இருப்பதாகப் பெரும்பாலானோர் நினைக்கவில்லை. நொரட்ரினலினை உண்டாக்கும் வழியில் வந்துபோகும் ஒரு இடைப்பொருள், அவ்வளவுதான். 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சனின் குழு முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தது. அது சர்ப்பகந்தா என்ற எங்கட பக்கத்து மூலிகையில் இருந்து பிரித்தெடுத்த மருந்து. முயல்கள் அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் எழும்பி ஓடின. எல்-டோபாவை மூளை டொபமினாக மாற்றிக்கொள்ளும். அப்ப டொபமின் வெறும் இடைப்பொருள் இல்லை, ஒரு நரம்புக்கலம் இன்னொன்றுக்கு அனுப்பும் செய்தி.

அடுத்த கட்டம் வியன்னாவில். ஒலே ஹோர்னிகிவிச்சும் ஹெர்பர்ட் ஏரிங்கரும் இந்த நோயோடு இறந்த 6 பேரின் மூளைகளைச் சோதித்தார்கள். அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியில் டொபமின் மிகக் குறைந்திருந்ததை 1960இல் வெளியிட்டார்கள். 1961இல் வால்டர் பிர்க்மையர் நோயாளிகளுக்கு எல்-டோபா ஏற்றினார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழும்பினார்கள், சில மணி நேரத்துக்கு. 1967இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கொட்சியாஸ் அளவைப் படிப்படியாகக் கூட்டி வாயால் கொடுத்தபோதுதான் அது நீடித்துப் பயன்படும் மருந்தானது. இதில் ஒரு விசித்திரம்: இதே எல்-டோபாவை 1937இலேயே சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையில் இருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். இந்த நோய்க்கும் அதுக்கும் தொடர்பு இருக்கு எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது.

2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கார்ல்சன், போல் கிரீன்கார்ட், எரிக் கண்டெல் மூவருக்கும் போனது. ஹோர்னிகிவிச்சை விட்டது சரியில்லை எண்டு 250க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் கிரீன்கார்ட்டின் வேலையும் இந்தக் கதைக்கு முக்கியம். டொபமின் வந்து வாங்கியில் ஒட்டிய பிறகு கலத்துக்குள்ளே என்ன நடக்கிறது எண்டு காட்டியவர் அவர்: நொதியங்கள் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றி, செய்தியைக் கைமாற்றி விடுகின்றன.

ஏன் இது முக்கியம்? எல்-டோபா தொலைந்த செய்தியைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. அதை அனுப்பும் கலங்கள் தொடர்ந்து சாகின்றன. வருடங்கள் போக, ஒவ்வொரு குளிசையும் வேலை செய்யும் நேரம் குறைகிறது, பலருக்குக் கட்டுப்பாடில்லாத அசைவுகளும் வருகின்றன. கலங்கள் ஏன் சாகின்றன? 2004இல் இரண்டு மரபணுக்கள் ஒரு தடயம் தந்தன. இரண்டுமே பொசுபேற்று ஏற்றும் நொதியங்களை உண்டாக்குபவை. எல்ஆர்ஆர்கே2 விகாரமடைந்தால் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. பழுதான இழைமணியை அகற்றச் சொல்லிச் சமிக்ஞை கொடுக்கும் பிங்க்1 பழுதானால் அந்தக் குப்பை உள்ளேயே தேங்குகிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த விகாரங்கள் இல்லை. எண்டாலும் எல்ஆர்ஆர்கே2ஐ அடக்கும் மருந்துகள் இப்ப மனிதர்களில் பரிசோதிக்கப்படுகின்றன.

முயல்கள் எழும்பி அறுபது வருடத்துக்கு மேலாகிறது. கலங்கள் சாவதை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. அதைத் தேடுகிறவர்கள் இப்ப பார்ப்பது, கலத்துக்குக் கலம் போகும் செய்தியை மட்டுமில்லை, ஒரு கலம் தனக்குள்ளேயே பேசிக்கொள்வதையும்தான்.