பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோய்க்கூட்டறிகுறி: வரலாறு

பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோய்க்கூட்டறிகுறி என்பது உதடுகளிலும் வாயின் உட்புறத்திலும் கரும்புள்ளிகளையும், இரைப்பையிலும் குடலிலும் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகளையும் உண்டாக்கும் அரிய மரபுவழி நோயாகும். பாலிப்புகள் சிறுகுடலிலேயே மிகுதியாகத் தோன்றும். புள்ளிகளுக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட அரை நூற்றாண்டு ஆனது.

முதல் பதிவுகள்

1895 ஆம் ஆண்டில் இலண்டனில் கானர் என்ற மருத்துவர், வாயைச் சுற்றிக் கரும்புள்ளிகள் கொண்ட இரட்டைச் சகோதரிகளைப் பற்றிப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஜொனாதன் ஹட்சின்சன் அவர்களின் படத்தை வெளியிட்டார். அப்போது புள்ளிகள் மட்டுமே கவனிக்கப்பட்டன. சகோதரிகளுள் ஒருவர் 20 வயதில் குடற்செருகலால் இறந்தார்; மற்றவர் 52 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இந்நோயின் இரு பெரும் ஆபத்துகளும் அந்த இரு மரணங்களிலேயே வெளிப்பட்டிருந்தன.

பெயர் வந்த வரலாறு

1921 இல் நெதர்லாந்து மருத்துவர் யோகன்னஸ் பியூட்ஸ், ஒரே குடும்பத்தில் பலருக்குப் புள்ளிகளும் குடல் பாலிப்புகளும் சேர்ந்திருப்பதை விளக்கினார். 1949 இல் அமெரிக்காவின் ஹரோல்ட் ஜெகர்ஸ், விக்டர் மெக்கியூசிக், காட்ஸ் ஆகியோர் 10 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினர். 1954 முதல் இருவர் பெயராலும் இந்நோய் அழைக்கப்படுகிறது.

அறிகுறிகள்

புள்ளிகள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தோன்றும். உதட்டுப் புள்ளிகள் பூப்புக்குப் பின் மங்கலாம். கன்னத்தின் உட்புறப் புள்ளிகள் பெரும்பாலும் மறைவதில்லை. பாலிப் பெரிதாகும்போது குடலின் ஒரு பகுதியை அடுத்த பகுதிக்குள் இழுத்துச் செல்லும். இதுவே குடற்செருகல். கடும் வயிற்றுவலி, வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். பாலிப்பிலிருந்து இரத்தம் கசிவதால் இரத்தசோகையும் ஏற்படும்.

புற்றுநோய்த் தொடர்பு

இப்பாலிப்புகள் இயல்பான திசுக்களே ஒழுங்கின்றி வளர்ந்தவை என்பதால், புற்றுநோய் அச்சம் குறைவு என்ற கருத்து நீண்ட காலம் நிலவியது. 1987 இல் வெளியான ஓர் ஆய்வு இதை மாற்றியது. அதில் இடம்பெற்ற 31 நோயாளிகளுள் 15 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது; அவற்றுள் பல குடலுக்கு வெளியே தோன்றியவை. 1998 இல் 19 ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்டிகே11 மரபணுவின் பிறழ்வே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இயல்பு நிலையில் இம்மரபணு கட்டிகள் உருவாவதைத் தடுக்கிறது. நோயுள்ளவரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இப்பிறழ்வு செல்லும் வாய்ப்பு 50% ஆகும்.

சிகிச்சை

முன்பு அடைப்பு ஏற்பட்ட பிறகே குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர். பலமுறை வெட்டப்பட்டவர்களுக்குச் சத்துகளை உறிஞ்சப் போதிய குடல் எஞ்சாத நிலையும் உண்டானது. 2001 அளவில் விழுங்கக்கூடிய கேப்சூல் கேமராவும், ஜப்பானின் யமமோட்டோ உருவாக்கிய இரட்டை பலூன் எண்டோஸ்கோப்பியும் வந்தன. இவற்றால் சிறுகுடலின் ஆழத்தில் உள்ள பாலிப்புகளைக் கண்டறிந்து, பெரும்பாலும் வயிற்றைத் திறக்காமலே அகற்ற முடிகிறது.

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே சுமார் 8 வயதிலிருந்தே குடல் பரிசோதனையும், பின்னர் மார்பகம், கணையம் உள்ளிட்ட உறுப்புகளின் கண்காணிப்பும் பரிந்துரைக்கப்படுகின்றன. குழந்தையின் உதட்டுப் புள்ளிகளை உரிய காலத்தில் அடையாளம் காண்பது, குடல் அடைபடும் முன்பே சிகிச்சையைத் தொடங்க வழிசெய்கிறது.