பஞ்சத்துக்கு மழை மட்டுமா பொறுப்பு?



ஐப்பசி, கார்த்திகை மழை குளத்தை நிரப்பவில்லை என்றால் நம்ம புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கடையிலிருந்து டீக்கடை வரை ஒரே பேச்சுத்தான்: "மழை இல்லே அண்ணாச்சி, அதான் யாவாரமும் இல்லே." நாம் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆள்கிறவர்களும் அதையே சொன்னால் அப்படியே நம்பிவிடலாமா? இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது 1876-ல் தொடங்கியது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு 1877-ல் கூலியைக் குறைத்தார்கள். நாளுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. கூடக் கொஞ்சம் சில்லறை. மண் சுமக்கிறவனுக்கு அது எந்த மூலைக்கு? பின்னால் 1880-ல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷனே, தானியம் இல்லாததைவிட வேலையும் கூலியும் இல்லாமல் போனதுதான் பெரிய கேடு என்ற கருத்தைச் சொல்லிற்று.

1900-ல் ரமேஷ் சந்திர தத் ஒரு புத்தகம் எழுதினார். தீர்வை அதிகமாக இருப்பதால் குடியானவன் கையில் சேமிப்பு நிற்பதில்லை, ஒரு வருஷம் மழை தவறினாலே விழுந்துவிடுகிறான் என்பது அவர் வாதம். வைஸ்ராய் கர்சன் பிரபுவின் அரசாங்கம் 1902-ல் பதில் கொடுத்தது. மழை பொய்ப்பதுதான் பஞ்சத்துக்குக் காரணம், தீர்வையைக் குறைத்தாலும் பஞ்சம் நிற்காது என்றது.

யார் சொன்னது சரி? அடிமரம் செல்லரித்த புளியமரம் காற்றில் விழுந்தால், காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் பக்கத்து மரம் நிற்கிறதே!

நம் காலக் கணக்கையும் பாருங்கள். 1979-ல் பருவமழை சுமார் 19 சதவீதம் குறைந்தது. நாட்டின் பொருளாதாரம் 5 சதவீதம் போல இறங்கியது. அதே வருஷம் எண்ணெய் விலை ஏறியது. நிலக்கரிக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு. 2009-ல் மழை 22 சதவீதம் குறைவு. ஆனால் பொருளாதாரம் சுமார் 8 சதவீதம் வளர்ந்தது. மழை அதிகம் குறைந்த வருஷத்தில் நாடு விழவில்லை. அதற்குள் நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு குறைந்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நாடு வளர்ந்தது என்ற கணக்கில் நம்ம வீட்டுக் கஷ்டம் மறைந்துபோகும். மழைமேல் பழி போட்டாலும் நமக்கு நஷ்டம். மழை குறைந்தும் வளர்ந்தோம் என்று பெருமை பேசினாலும் நமக்குத்தான் நஷ்டம்.

ஆகவே, மழைதான் காரணம் என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பெய்த மழை குளத்தில் நின்றதா, இல்லை மண் மேவிய குளத்தில் வழிந்து ஓடியதா? மழை நன்றாகப் பெய்த வருஷம் விளைச்சலுக்கு விலை கிடைத்ததா? அந்த வருஷம் கையில் ஏதாவது மிஞ்சியதா?

மழையை நாம் நிறுத்தவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது. மற்றதெல்லாம் மனுஷன் கையில்தான் இருக்கிறது.