விவசாயப் போதனாசிரியர் (யாழ்ப்பாணக் குடாநாடு)

விவசாயப் போதனாசிரியர் என்பவர் கமக்காரரின் வயலுக்கும் தோட்டத்துக்கும் நேரே சென்று பயிர்ச்செய்கை ஆலோசனை வழங்கும் அரச கள உத்தியோகத்தர். வவுனியா, குண்டசாலை போன்ற விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா முடித்தவர்கள் இப்பணிக்கு வருகிறார்கள். இலங்கை விவசாயத் திணைக்களம் 1912இல் உருவானது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் விரிவாக்கப் பணியின் பெரும்பகுதி மாகாணங்களிடம் வந்ததால், குடாநாட்டுப் போதனாசிரியர்கள் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறார்கள்.

இங்கே இந்த வேலையின் பொறுப்பை நிலத்தடி நீரே தீர்மானிக்கிறது. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் செம்மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எல்லாம் கிணற்று இறைப்பில் விளைகின்றன. அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியா இறைப்பு நீரோடு இறங்கி, கல்லின் வெடிப்புகளூடாக நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை நைத்திரேற்று கெடுக்கும். பரப்புக்கு எத்தனை கிலோ உரம், எத்தனை தடவையாகப் பிரித்துப் போடுவது என்ற கணக்கில் பயிரோடு பிள்ளைகளின் குடிநீரும் அடங்கியிருக்கிறது. மண் பரிசோதனை, குழை தாழ்த்தல் (பசுந்தழையை மண்ணில் புதைத்தல்), தூவல் நீர்ப்பாசனம் ஆகியவற்றைப் போதனாசிரியர்கள் விடாது வலியுறுத்துவது இதனால்தான்.

நோய் கண்டறிதல் இன்னொரு பெரிய வேலை. வெங்காயப் பாத்தியில் தாள் முறுகிச் சுருண்டு, கழுத்து வழமைக்கு மேல் நீண்டு நின்றால், அது கொலட்டோட்ரைக்கம் பங்கசின் வேலையாக இருக்கலாம். போதனாசிரியர் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பார். விதை வெங்காயம் எங்கே வாங்கியது, நட்ட பிறகு மழை விழுந்ததா என்று விசாரிப்பார். நோய் விதை வெங்காயத்தோடும் மழைத்துளித் தெறிப்போடும் பரவும். ஆகவே பீடித்த செடிகளை அகற்றி எரிக்கவும், அடுத்த முறை விதையைப் பங்கசுநாசினியில் நனைத்து நடவும் சொல்வார். காரணம் தெரியாமல் கடையில் மருந்து வாங்கி அடிப்பது காசுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு.

கிராம மட்டத்தில் போதனாசிரியருக்குத் துணைநின்ற விரிவாக்க ஊழியர்கள் 1989இல் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டமை பெரிய இழப்பு. அதன்பின் ஒருவரே பல கிராமங்களைச் சுற்றவேண்டியதாயிற்று. 1990களில் போரின்போது குடாநாட்டுக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாவும் மண்ணெண்ணெயும் அரிதானபோது, கமக்காரர் மறுபடியும் குழையையும் பட்டி எருவையும் நாடினர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இரசாயன உரத்தைப் படிப்படியாகக் குறைக்குமாறு சொல்லிவந்த போதனாசிரியர்களே, மாற்று உரம் போதாத தோட்டங்களுக்குப் போய்க் கமக்காரருக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது.