விலகிச் செல்லும் உரிமை: துண்டு முதல் ஸ்பான்சர் சான்று வரை

பிரித்தானியாவில் பராமரிப்பு விசாவில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குச் சட்டத்தில் உரிமைகள் குறைவில்லை. குறைந்தபட்ச ஊதியம் உண்டு, சம்பளத்தோடு விடுமுறை உண்டு, தொழிற்சங்கத்தில் சேரலாம், தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். விசாப் படிவங்களோடும் சம்பளச் சீட்டுகளோடும் என்னிடம் உதவி கேட்டு வரும் பெண்கள் பலருக்கு இவை தெரியும். தெரிந்தும் எதையும் பயன்படுத்துவதில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அவங்க சி.ஓ.எஸ்.ஸை எடுத்துட்டா நான் என்ன செய்யுறது, அக்கா?"

சி.ஓ.எஸ். என்று அவர்கள் சொல்வது முதலாளி வழங்கும் ஸ்பான்சர் சான்றை. அந்தச் சான்றின் எண்ணை வைத்துத்தான் விசா கிடைக்கிறது. அதனால் விசா அவளுடைய தகுதியோடு மட்டும் கட்டப்பட்டதல்ல, அந்த ஒரு முதலாளியோடும் கட்டப்பட்டது. வேலை போனால் முதலாளி உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அமைச்சு வழக்கமாக அவளுடைய விசாவை 60 நாட்களாகக் குறுக்கிக் கடிதம் அனுப்பும். அதற்குள் ஸ்பான்சர் உரிமம் உள்ள வேறொரு முதலாளியைப் பிடித்து, புதுச் சான்று வாங்கி, விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்படும்வரை புது வேலையைத் தொடங்கவும் முடியாது. தங்கும் அறையையும் முதலாளியே கொடுத்திருந்தால் வேலையோடு கூரையும் போய்விடும்.

வேலையை விட்டுப் போகும் உரிமை மற்ற உரிமைகளுக்கெல்லாம் அச்சாணி. அது இல்லாதபோது சம்பளப் பாக்கியைக் கேட்பதும், இரண்டு வீடுகளுக்கு இடையே பயணம் செய்த நேரத்துக்குக் கூலி கேட்பதும், மேலாளரின் கை தோளில் படும்போது எதிர்த்துப் பேசுவதும் நாட்டை விட்டு வெளியேற்றப்படும் அபாயமாகிவிடுகின்றன. இந்த அச்சாணியைக் கழற்றுவதும் மாட்டுவதும் மறுபடி கழற்றுவதுமாக ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

சிறையும் துண்டும்

வேலையை விட்டுப் போவது குற்றமாக இருந்த காலம் இங்கிலாந்திலேயே இருந்தது. 1823ஆம் ஆண்டின் எசமான்–வேலையாள் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்ட தொழிலாளியை மூன்று மாதம்வரை சிறையில் அடைக்கலாம். ஒப்பந்தத்தை மீறிய எசமானுக்குச் சிறை கிடையாது. தொழிற்சங்கங்கள் பல்லாண்டு போராடிய பிறகு 1875இல்தான் அந்தக் குற்றவியல் தண்டனை நீங்கியது.

உள்நாட்டில் நீங்கியது குடியேற்ற நாடுகளில் நீங்கவில்லை. எங்கள் குடும்பம் மலையகக் குடும்பம் என்பதால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இலங்கைத் தோட்டங்களின் 'துண்டு'. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. அதன் பக்கத்திலேயே சட்டப்புத்தகத்துக்கு வெளியே வளர்ந்தது துண்டு முறை. இந்தக் கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அந்தச் சீட்டோடு வந்தால்தான் வேறு தோட்டத்துத் துரை வேலை தருவார். அவர் கட்டும் பணம் அடுத்த கடனாக ஆட்களின் தலையில் ஏறும். தோட்டம் மாறும், கடன் மாறாது, பெரும்பாலும் கூடும்.

துண்டு கங்காணியின் கையில்தான் இருந்தது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் தோட்டம் மாறுவதா வேண்டாமா என்று பேசுவதும் கணக்குப் பார்ப்பதும் கங்காணியும் துரையும். கங்காணியின் ஆட்களில் ஒருத்தியாக, கணவனின் கடனோடு சேர்ந்த ஒரு தலையாக மட்டுமே அவள் எண்ணப்பட்டாள். அந்தக் கங்காணியே அவளைத் தொந்தரவு செய்பவனாக இருந்தால் அவளுக்குத் தனியாக ஒரு துண்டு எழுதிக் கொடுக்க எவரும் இல்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

ஸ்பான்சர் சான்றும் துண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இன்று ஓடிப் போன கேரரை யாரும் சிறையில் அடைப்பதில்லை. துண்டில் கடனை அடைத்தவர் புதிய துரை. இன்று ஊரில் நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிய பணம் கேரரின் சொந்தக் கடன், அதை எந்தப் புது முதலாளியும் ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு தொழிலாளி யாரிடம் வேலை செய்யலாம் என்பதை இன்னொருவர் கையிலுள்ள தாள் முடிவு செய்கிறது என்பது இரண்டுக்கும் பொது. சிறை இருந்த இடத்தில் இப்போது நாடுகடத்தல் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வந்த பெண்கள்

வெளிநாட்டவரை முதலாளியோடு கட்டும் தாள் பிரித்தானியாவுக்குள் வந்தது 1920ஆம் ஆண்டின் அந்நியர் ஆணையோடு. வேலை அனுமதி தொழிலாளிக்கு வழங்கப்படவில்லை. அவரை வேலைக்கு வைக்க விரும்பிய முதலாளிக்கே வழங்கப்பட்டது. 1930களின் இறுதியில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதப் பெண்களில் ஏறக்குறைய 20,000 பேருக்கு இந்த நாட்டுக்குள் நுழையக் கிடைத்த வழி வீட்டுவேலை அனுமதிதான். படித்தவர்களும் வசதியான வீட்டுப் பெண்களும்கூட அடுப்படி வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது.

போர் முடிந்த கையோடு பராமரிப்புக்கு ஆள் தேவைப்பட்டது. காசநோய் மருத்துவமனைகளில் துடைக்கவும் துவைக்கவும் உள்ளூர்ப் பெண்கள் வர மறுத்தார்கள். 1946இல் தொழில் அமைச்சு ஜெர்மனியின் அகதி முகாம்களிலிருந்து லாத்வியா, எஸ்தோனியா, லித்துவேனியா நாட்டு இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்தது. திட்டத்துக்கு 'பால்ட் சிக்னெட்', அதாவது பால்டிக் அன்னக்குஞ்சு, என்று பெயர் வைத்தார்கள். மணமாகாத, உடல் வலுவுள்ள பெண்கள் வேண்டும் என்பது நிபந்தனை. அமைச்சு அனுப்பும் இடத்தில்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டும், அமைச்சின் அனுமதியின்றி மாறக்கூடாது. இப்படி அழைத்து வரப்பட்டவர்களில் மூன்று ஆண்டு முடித்தவர்களுக்கு 1951இல் இந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது அதன் நிதானம்தான். கொடுமைக்காரர் எவரும் அதில் தேவைப்படவில்லை. உள்ளூர்ப் பெண்கள் விலகிச் செல்லும் வேலைக்கு, விலகிச் செல்ல முடியாத பெண்களைக் கொண்டு வருவது என்பது ஒரு நிர்வாகத் தீர்வு. சம்பளத்தை உயர்த்துவதைவிட அது மலிவு.

வாலிங்-வாலிங் பெண்கள்

1979-80இல் மார்கரெட் தாட்சரின் அரசு வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்களுக்கான வேலை அனுமதியை நிறுத்தியது. ஆனால் இங்கே வரும் பணக்காரக் குடும்பங்கள் தங்கள் வேலைக்காரிகளைக் கூட்டி வர ஒரு சலுகை கொடுத்தது. சலுகை முதலாளிக்கு. அந்தப் பெண் வந்தது இன்னாரோடு என்பதே அவளுடைய தகுதி. வீட்டை விட்டு வெளியேறினால் அவள் 'சட்டவிரோதி'. கடவுச்சீட்டோ பெரும்பாலும் முதலாளியின் பெட்டியில்.

இப்படி வெளியேறிய பெண்கள், பெரும்பாலும் பிலிப்பினோக்கள், லண்டனில் ஒன்று சேர்ந்தார்கள். தங்கள் அமைப்புக்கு வாலிங்-வாலிங் என்று தங்கள் நாட்டு ஆர்க்கிட் மலர் ஒன்றின் பெயரை வைத்தார்கள். 1987இல் அவர்களுக்குத் துணையாகக் களாயான் உருவானது. தகாலோக் மொழியில் அதற்கு விடுதலை என்று பொருள். போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இந்தப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. விசா இல்லாதவர்களைச் சங்கத்தில் சேர்ப்பது அன்று சிறிய செயலல்ல. காவல்துறை பிடித்தால் நாடுகடத்தல் என்ற நிலையிலிருந்த பெண்கள் பத்தாண்டுக்கு மேல் நாடாளுமன்றத்துக்கும் ஊடகங்களுக்கும் தங்கள் கதையைச் சொன்னார்கள். கோரிக்கை ஒன்றுதான்: முதலாளியை மாற்றும் உரிமை.

1998இல் அது கிடைத்தது. வீட்டுவேலையிலேயே இருக்கும்வரை முதலாளியை மாற்றலாம், ஆண்டுதோறும் விசாவைப் புதுப்பிக்கலாம், சில ஆண்டுகளுக்குப் பின் நிரந்தர வதிவிடமும் கேட்கலாம். ஏற்கெனவே தப்பி ஓடியிருந்தவர்களும் தங்கள் நிலையைச் சரிசெய்துகொள்ள வழி திறந்தது. 2009இல் நாடாளுமன்றத்தின் உள்நாட்டு விவகாரக் குழு, வீட்டுப் பணியாளர்களைக் கட்டாய உழைப்பிலிருந்து காப்பதில் இந்த விசா மிக முக்கியமானது, இதைக் கைவிடக்கூடாது என்றது.

2012 ஏப்ரல் 6 அன்று அரசு அதைப் பறித்தது. விசா ஆறு மாதம், முதலாளியை மாற்ற முடியாது. தற்காலிகமாக வருபவர்கள் நிரந்தரமாகத் தங்கிவிடும் வழியை அடைப்பதே நோக்கம் என்று அரசு வெளிப்படையாகவே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது பிரித்தானிய அரசு வாக்களிக்காமல் விலகி நின்றிருந்தது.

2015இல் நவீன அடிமைத்தனத் தடைச் சட்டம் வந்தபோது உரிமையைத் திருப்பித் தரும் திருத்தத்தைப் பிரபுக்கள் சபை நிறைவேற்றியது, மக்கள் சபை தள்ளியது. பின்னர் அரசே அமர்த்திய ஆய்வாளர் ஜேம்ஸ் யூவின்ஸ் முதலாளியை மாற்றும் உரிமையையும், அது பயன்படும்படி விசாவை நீட்டிக்கும் உரிமையையும் பரிந்துரைத்தார். 2016இல் அரசு முதல் பாதியை மட்டும் ஏற்றது: மாற்றலாம், ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள். மூன்று மாதமே எஞ்சியிருக்கும் பெண்ணை எந்த வீடு வேலைக்கு எடுக்கும்?

அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம், கொடுமைப்படுத்தப்பட்ட இரு நைஜீரிய வீட்டுப் பணியாளர்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு நடந்தது அநீதி என்பதில் நீதிமன்றத்துக்கு ஐயமில்லை. ஆனால் குடிவரவு நிலையின் காரணமாக ஒருவரைக் கொடுமை செய்வது இனப்பாகுபாடு ஆகாது என்றது. அவளுடைய பலவீனத்துக்கு மூலம் விசா, அந்த மூலத்துக்குச் சமத்துவச் சட்டத்தில் பெயரில்லை.

2022க்குப் பிறகு

2022 பெப்ரவரி 15 அன்று பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாக் கதவு திறந்தது. பிரெக்சிட்டும் கொரோனாவும் முதியோர் இல்லங்களைக் காலி செய்திருந்தன. இந்தியா, நைஜீரியா, சிம்பாப்வே நாடுகளிலிருந்து பெண்களும் ஆண்களும் வந்தார்கள். 2023இல் மட்டும் சுகாதார, பராமரிப்பு விசா பெற்ற முதன்மை விண்ணப்பதாரர்கள் சுமார் 1,46,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பராமரிப்புப் பணிக்கு வந்தவர்கள். வீட்டுப் பணியாளர்களின் முப்பதாண்டுப் போராட்டம் கற்றுத் தந்த பாடம் அரசின் கோப்புகளிலேயே இருந்தது. இருந்தும் இந்த விசா முதலாளியோடு கட்டியே வடிவமைக்கப்பட்டது.

விளைவு விரைவில் தெரிந்தது. கையில் வேலையே இல்லாத நிறுவனங்கள் சான்றுகளை விற்றன. முழுநேர வேலை என்று அழைத்துவிட்டு வாரத்துக்குச் சில மணி நேரம் கொடுத்தன. அரசு அத்தகைய முதலாளிகளின் உரிமத்தை ரத்து செய்தது. 2022 ஜூலை முதல் 2024 இறுதிவரை 470க்கும் மேற்பட்ட உரிமங்கள் பறிக்கப்பட்டன. அவற்றோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000க்கு மேல். முதலாளிக்கான தண்டனை, 60 நாள் கடிதமாகத் தொழிலாளியின் கையில் வந்து சேர்ந்தது. முறைப்பாடு செய்தால் உரிமம் போகும், உரிமம் போனால் தன் விசாவும் உடன் வேலை செய்யும் தோழிகளின் விசாவும் போகும் என்று தெரிந்தவள் எப்படி வாய் திறப்பாள்?

2024 மார்ச் 11 முதல் புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர்கள் பிள்ளைகளையும் துணையையும் அழைத்து வர முடியாது. பிறர் வீட்டு முதியவரைப் பார்த்துக்கொள்ள வருபவள் தன் பிள்ளையை ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு வர வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் இங்கிலாந்தின் முதலாளிகள், வெளியிலிருந்து ஆள் எடுக்குமுன், இப்படி ஸ்பான்சரை இழந்து நிற்பவர்களை முதலில் கருத வேண்டும் என்ற விதி வந்தது. இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அரசு ஒப்புக்கொண்ட விதி அது. 2025 ஜூலை 22 அன்று வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நிறுத்தப்பட்டது.

ஏன் இந்தக் கட்டு மீண்டும் மீண்டும் பெண்களின் வேலையிலேயே வந்து விழுகிறது? குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, மலம் துடைப்பது ஆகியவை திறமையாக எண்ணப்படுவதில்லை, இயல்பாகவே பெண்ணிடம் இருக்கும் அன்பாக எண்ணப்படுகின்றன. 'குடும்பத்தில் ஒருத்தி' என்று கருதப்படும், வீட்டோடு தங்கும் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் தேவையில்லை என்ற விதிவிலக்கு 2024 ஏப்ரல் 1 வரை இந்நாட்டுச் சட்டத்தில் இருந்தது. குடும்பத்தில் ஒருத்தி வேலையை விட்டுப் போவாளா? போகமாட்டாள் என்று ஆணாதிக்கக் குடும்பம் எதிர்பார்ப்பதைத்தான் விசா சட்டமாக்குகிறது.

வேறு வழி இல்லாமலில்லை. கனடா 2019இல், கொடுமைக்குள்ளான தொழிலாளி முதலாளியின் பெயரில்லாத வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க இடம் தந்தது. அதே ஆண்டு தொடங்கிய பராமரிப்புப் பணியாளர் திட்டங்களில் அனுமதி தொழிலோடு கட்டப்பட்டது, முதலாளியோடு அல்ல. இங்கும் தொழிற்சங்கங்களும் களாயான் போன்ற அமைப்புகளும் இதையொத்ததைத்தான் கேட்கின்றன: பராமரிப்புத் துறைக்குள் எங்கு வேண்டுமானாலும் வேலை செய்ய ஒரு விசா.

அவசரத்துக்குக் காரணம் ஒரு தேதி. ஏற்கெனவே உள்நாட்டில் இருப்பவர்கள் இந்த விசாவில் ஸ்பான்சரை மாற்றவும் நீட்டிக்கவும் 2028 ஜூலை 22 வரை மட்டுமே இடம் என்று விதி சொல்கிறது. அந்நாள் நெருங்க நெருங்க, மூன்றாண்டு விசாவில் வந்த பெண்ணுக்கு முதலாளியின் கையிலுள்ள சான்று இன்னும் கனமாகும். அதற்கு முன் அந்தத் தாளை அவள் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும். வாலிங்-வாலிங் பெண்கள் விசாவே இல்லாமல் கேட்டு வாங்கியது இது.