வள்ளத்திலிருந்து வட்ஸ்அப் வரை

எமது கல்லூரி நூற்றாண்டு காணும் இவ்வேளையில், கட்டடங்களினதும் பெறுபேறுகளினதும் வரலாற்றோடு எம் தோழமையின் வரலாறும் பதிவாக வேண்டும்.

எம் சிறுபராயத்தில் தீவகத்தில் செய்தி ஆள்வழியே சென்றது. நெடுந்தீவு, நயினாதீவுத் தோழியர் விடுமுறைக்கு வீடு சென்றால், குறிகட்டுவானுக்கு வரும் வள்ளத்தில் தெரிந்தவர் எவராவது வந்தால்தான் அவர்கள் புதினம் கிடைக்கும். 1985 மே 15இல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட பின்னர், வள்ளம் சற்றுப் பிந்தினாலும் கரையில் நின்றவர் மனம் பதறியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. ஓகஸ்டில் வேலணை, ஊர்காவற்றுறை மக்கள் பண்ணைக்கு அப்பால் இடம்பெயர்ந்தபோது நாமும் சென்றோம். ஓட்டோகிராப் எழுதவும் அவகாசம் இருக்கவில்லை. எவரிடமும் எவருடைய விலாசமும் இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு எஞ்சியவரையும் சிதறடித்தது. வன்னி, கொழும்பு, பரிஸ், இலண்டன், ரொறன்ரோ என ஒரே வகுப்பு பல நாடுகளானது. செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்த குடும்பச் செய்திகளும், வவுனியா தொலைத்தொடர்பு நிலையங்களில் நிமிடக் கணக்கில் காசு கொடுத்துப் பேசிய அழைப்புகளும் உறவினர்க்கே போதவில்லை. தோழிக்கு எங்கே மிஞ்சும்?

இலங்கைக்குக் கைத்தொலைபேசி 1989இலேயே வந்தது. எம் பகுதி மக்களின் கைக்கு அது 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே எட்டியது. வட்ஸ்அப் தொடங்கிய 2009இல்தான் போரும் முடிந்தது. சில ஆண்டுகளில் ஒருத்தி இன்னொருத்தியைக் கண்டுபிடிக்க, எம் வகுப்புக் குழுமம் பிறந்தது. எவரோ காப்பாற்றி வைத்திருந்த மங்கிய வகுப்புப் படமொன்று வந்தது. முகங்களுக்குப் பெயர் சொல்ல நாட்கள் எடுத்தன. ஒருத்திக்கு வரவு இடாப்பின் ஒழுங்கு அப்படியே மனப்பாடம். அவள் பெயர்களை ஒவ்வொன்றாகக் குரல்பதிவில் கூப்பிட, நாம் "வந்தோம் ரீச்சர்" என்று எழுதினோம். சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. அவர்களில் சிலர் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். இருவரை இன்னமும் தேடுகிறோம்.

இன்று நெடுந்தீவுத் தோழி வள்ளத்தில் இருந்தபடியே எழுதுகிறாள். நடுக்கடலில் சிக்னல் போனால் கரையேறியதும் மிச்சம் வரும். ஆனியில் நாகபூசணி அம்மன் தேர் ரொறன்ரோவில் இருப்பவளின் கைக்கு வருகிறது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது அரசு சமூக ஊடகங்களை முடக்கிய சில நாட்களில், 1990இன் மௌனம் எமக்குத் திரும்ப நினைவு வந்தது.

ஆயினும் ஒன்று. தொலைபேசி பழுதானால் அதிலுள்ள பேச்சும் படமும் போய்விடக்கூடும். காலை வணக்கப் படங்களுக்குள் நல்ல செய்தி புதைந்துவிடும். ஆகவே அன்பார்ந்த பழைய மாணவியரே, உங்கள் குழுமத்தில் சேர்ந்த வகுப்புப் பெயர்களைக் கடதாசியில் எழுதி, படங்களின் பிரதியோடு சங்கத்திடம் ஒப்படையுங்கள். பதில் வராத பெயர்களையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். அதை வாசிக்கும் எவரோ ஒருவர் அவர்களை அறிந்திருக்கலாம்.